எல்டன் ஸ்ட்ராண்ட் செய்த தோட்டாக்கள்

எங்கள் ஆல்டர் ஃபோர்க்கில் எல்டன் ஸ்ட்ராண்ட் யார் என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ராய்ஸ் மக்கெல்வி சாகக் காரணமானவன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் இதே வாய்கள் வேறொரு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன: ராய்ஸ் ஒரு கோழை. அந்தப் பழைய வரியை அழித்து இப்போதைய வரியை எழுதியவன் எல்டனேதான். தன் கையாலேயே எழுதினான். அதை யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எல்டனும் ராய்ஸும் நானும் ஒரே மர மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் யூனியன் வேலைக்குப் போய்த் தலைவராகிவிட்டேன். ராய்ஸ் கொஞ்ச வருஷத்தில் மில்லை விட்டுவிட்டு, வேட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்களை மலைக்குக் கூட்டிப் போகிற வேலையில் சேர்ந்தான். எல்டன் மட்டும் பாய்லரிலேயே கிடந்தான். நெட்டை ஆள். கொஞ்சம் கூன். பாய்லர் இரைச்சல் பாதி, மேக்னம் என்கிற பெரிய ரிவால்வரின் வெடி பாதி என்று இரண்டும் சேர்ந்து அவன் காதைத் தின்றுவிட்டன. அதனால் எதையும் கத்தித்தான் பேசுவான். சர்ச்சில் ஜெபம் பண்ணினால் தெருவுக்குக் கேட்கும். மனைவி மார்லிஸ் அவனை விட்டுவிட்டு ஸ்போகேன் நகரத்துக்குப் போனபோது, "சண்டையெல்லாம் இல்லை. அவ மெதுவாத்தான் சொல்லியிருக்கா, எனக்குத்தான் கேக்கலை" என்றான். சிரித்தோம். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் வீட்டுச் சமையலறை மேஜையில் சாப்பாட்டுத் தட்டு இருந்த இடத்தில் தோட்டா அச்சு ஏறிக்கொண்டது.

ராய்ஸைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பெரிய வேலைநிறுத்தத்தின்போது கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மில் வாசலுக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் கோஷம் போட்டுக்கொண்டே பக்கவாட்டில் ஒதுங்கினோம். நானும் ஒதுங்கினேன். ராய்ஸ் ஒதுங்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்றான். லாரி அவன் கோட்டுப் பொத்தானை முட்டித்தான் நின்றது. "ஹாரன் நல்லா இருக்கு. இன்னொரு தடவை அடி" என்றான் டிரைவரிடம். லாரி திரும்பிப் போனது. அதைக் கண்ணால் பார்த்த ஆட்கள்தான் பின்னால் அவனைக் கோழை என்றார்கள். ஒரு ஊரின் ஞாபகசக்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்குப் பின்னாலிருந்த சரளைக் குழியில் கூடுவோம். பெரிய ரிவால்வர் வைத்திருக்கிற அத்தனை பேரும் வருவார்கள். கடைக்கோடியில் இரும்புத் தகட்டில் வெட்டிய மலைக்கடாக்கள் வரிசையாக நிற்கும். கண்ணுக்கு அவை கட்டை விரல் நகம் அளவுதான் தெரியும். குண்டு பட்டால் போதாது. கடா கீழே விழ வேண்டும். பட்டு, ஆடி, நிமிர்ந்து நின்றுவிட்டால் அது கணக்கில் வராது. சின்ன ரிவால்வரின் குண்டு பட்டால் கடா கண்ணைக் கூடச் சிமிட்டாது. நாற்பத்துநாலு மேக்னம் வேண்டும், அதற்கேற்ற கனமான குண்டும் வேண்டும்.

எல்டனின் ரிவால்வர் நீளக் குழல் வைத்த பழைய இரும்பு. சாய்ந்து உட்கார்ந்து, முட்டிமேல் கையை ஊன்றிச் சுடுவான். அது உதைக்கிற உதையில் அவன் தொப்பி ஒவ்வொரு தடவையும் எழும்பி இறங்கும்.

"எல்டா, கடா விழுந்துச்சா, இல்ல உன் சத்தத்துக்குப் பயந்து படுத்துடுச்சா?" என்பான் ராய்ஸ்.

"என்னது?"

"ஒண்ணுமில்லை, சுடு."

"நீ ஏதோ சொன்னே."

"நீ அழகா இருக்கேன்னு சொன்னேன், சுடுடா!"

தோட்டாவை எல்டன் கடையில் வாங்கமாட்டான். பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வெடிமருந்து அளந்து போட்டு, தானே வார்த்த ஈயக் குண்டை வைத்து, கடைசியில் கூட்டின் வாயை உள்ளே மடக்குவான். அந்த மடக்கு குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும்; அதைக் கவ்வு என்போம். ராய்ஸுக்கும், கேட்கிற எங்கள் எல்லாருக்கும் அவன்தான் செய்து கொடுப்பான், காபி டப்பாவில் போட்டு. எத்தனையோ வருஷமாக அப்படித்தான். எல்டனின் தோட்டா சுடாமல் போனது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மேக்னம் ரிவால்வர் உதைக்கும்போது, சுட்ட தோட்டா மட்டும் அல்ல, சுழலும் உருளையில் காத்திருக்கிற மற்ற ஐந்தும் உதை வாங்குகின்றன. கவ்வு தளர்வாக இருந்தால் அந்தக் குண்டுகள் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். நகர்ந்து உருளைக்கு வெளியே மூக்கை நீட்டினால் போதும், உருளை சுற்றாது. விசையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, இரும்புக் கட்டி.

எல்டனின் கனத்த ரிவால்வரில் இது நடக்காது. கனம் உதையை விழுங்கிவிடும். அதனால் அவன் கவ்வை லேசாகத்தான் வைப்பான். அழுத்தி மடக்கினால் பித்தளைக் கூடு சீக்கிரம் வாய் கிழிந்துபோகும், திரும்ப உபயோகிக்க முடியாது. சரளைக் குழியில் எல்லாரும் அப்படித்தான்.

ஐம்பதைத் தாண்டியதும் ராய்ஸுக்கு இடுப்பு வலி வந்தது. நாளெல்லாம் குதிரைகளோடு மலை ஏறுகிறவன். கனத்த ரிவால்வரை விற்றுவிட்டு, புதிதாக வந்திருந்த லேசான ரகம் ஒன்றை வாங்கினான். அதே நாற்பத்துநாலு மேக்னம்தான், கனம் பாதி. அதை எடுத்துக்கொண்டு எல்டன் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

எல்டனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ராய்ஸ் விற்றுவிட்ட அந்தப் பழைய ரிவால்வரை இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

"இது என்னடா, தண்ணி பீச்சுற துப்பாக்கியா?"

"தூக்கிப் பாரு. பர்ஸ் கனம்தான்."

"எனக்கு வேண்டாம்."

"ஒரு தடவை சுட்டுப் பாரேன். கை மணிக்கட்டுவரை கழண்டுடும். உனக்குப் புடிக்கும்."

"அந்தப் பொம்மையை நான் தொடமாட்டேன். போ."

"சரி, தொடாதே. தோட்டாவாவது குடுப்பியா? நாளைக்கு மலைக்குப் போறேன்."

எல்டன் அலமாரியைக் கைகாட்டினான். தனக்காகச் செய்து வைத்திருந்த டப்பாவை. ராய்ஸ் அதை எடுத்துக்கொண்டான். "கோபத்துல கூட அள்ளித்தான் குடுக்கிறான் பாருங்க, தலைவரே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

லேசான துப்பாக்கிக்குக் கவ்வை அழுத்தி வைக்க வேண்டும். ஐந்து தோட்டா சுட்டுவிட்டு ஆறாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்டனுக்கு இது தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அன்றைக்கு அவனுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரிய பாவம் எதுவும் இல்லை. இரண்டு கிழட்டு நண்பர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ரோஷம்.

அந்த வாரமே ராய்ஸ் செத்தான்.

ராய்ஸ் மலைக்குக் கூட்டிப் போயிருந்த மினியாபோலிஸ் ஆள் ஒருவன் எல்க் மான் சுட்டிருந்தான். மறுநாள் இரண்டு பேரும் இறைச்சியை எடுக்கப் போனபோது அதன்மேல் கிரிஸ்லிக் கரடி ஒன்று படுத்திருந்தது. கரடி பாய்ந்தது. அந்த ஆள் மரத்தில் ஏறித் தப்பித்தான், மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். ராய்ஸ் ஒரு தடவை சுட்டான். அப்புறம் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டினான், ஆட்டிக்கொண்டே நின்றான். கரடி வந்து சேர்ந்துவிட்டது. "பயத்துல உறைஞ்சுட்டாரு, பாவம்" என்றான் அவன். பார்த்ததைத்தான் சொன்னான். பார்த்ததற்கு அவன் வைத்த அர்த்தம்தான் தப்பு.

போலீஸ் அதிகாரியோடு தேடிப் போனவர்களில் எல்டனும் நானும் இருந்தோம். விடியற்காலை தூறல். நான் என் கோட்டைக் கழற்றி ராய்ஸின் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் எல்டன் துப்பாக்கியைக் கண்டெடுத்தான். அப்போது நடந்ததை நான் பார்க்கவில்லை. அவன் பிறகு சொன்னதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் துப்பாக்கியை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்கள். உருளையைத் திறந்து காலி செய்துதான் கொடுப்பார்கள். திறக்காமல் நீட்டினால் எதிரே நிற்கிறவன் கை நீட்டமாட்டான். சின்ன வயசிலிருந்து ஊறிப்போன வழக்கம். எல்டனும் உருளையைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. புரட்டிப் பார்த்தான். அடுத்த தோட்டாவின் குண்டு அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது. அவனுடைய குண்டு. அவனே வார்த்தது. முதல் நாள் ராய்ஸ் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமரத்தில் இரண்டு மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, சுட்டதற்கு மட்டும் புதுத் தோட்டா போட்டிருக்கிறான். பழையவை அப்போதே நகர ஆரம்பித்திருக்கின்றன.

எல்டன் மடக்குக் கத்தியின் முதுகை அந்தக் குண்டின்மேல் வைத்து அழுத்தினான். குண்டு உள்ளே போனது. உருளை திறந்தது. காலி செய்து, திறந்தபடியே அதிகாரியிடம் நீட்டினான். சுட்டது ஒன்று, சுடாதது ஐந்து.

வழக்கத்துக்காக அழுத்தினானா, மறைக்க அழுத்தினானா? அவனுக்கே தெரியாது என்றான். கை செய்துவிட்டது. ஆனால் வாய் திறந்து சொல்லாமல் விட்டது கை இல்லையே.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஊர் மரியாதையாக இருந்தது. பிறகு டாலியின் மதுக்கடையில் ஆரம்பித்தது. மெர்ல் என்று ஒருவன், மில்லில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். தக்காளி சாஸ் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டுவான்.

"ராய்ஸ் கரடிக்கு சாஸ் ஊத்தினான்டா! தன் மேலேயே ஊத்திக்கிட்டான்!"

சிரிப்பு. எல்டன் மூலையில் உட்கார்ந்து, பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைத் தின்றுகொண்டிருப்பான். காது கேட்காத ஆள், பாவம், என்று நான் நினைத்துக்கொள்வேன். பாட்டிலைப் பார்ப்பதற்குக் காது எதற்கு?

ராய்ஸின் மகள் டெஸ்ஸுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டாலியின் கடையில்தான் வேலை. தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள், பாட்டில் ஆடுவதைப் பார்ப்பாள், திரும்பிப் போவாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டாள். அப்பா பார்த்த அதே வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா நெட்டா அழுதாள், கெஞ்சினாள். அவள் கேட்கவில்லை. அதிகாரிகள் திருப்பிக் கொடுத்திருந்த அப்பாவின் ரிவால்வரை எடுத்துக்கொண்டு நேராக எல்டன் வீட்டுக்குப் போனாள்.

"எல்டன் மாமா, நான் சுடக் கத்துக்கணும். அப்பாவோட டப்பாவுல தோட்டா மிச்சம் இருக்கு."

எல்டன் அந்த டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டான் என்றே சொல்ல வேண்டும். "ஈரம் பட்டிருக்கும்மா. வேண்டாம். புதுசு செஞ்சு தர்றேன்" என்றான்.

செய்து கொடுத்தான். கவ்வை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தி, தொடமாட்டேன் என்று சொன்ன அந்தத் துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டு, கடைசித் தோட்டாவை அளந்து, திரும்பச் சுட்டு, திரும்ப அளந்து. ஒரு மயிரிழை நகரவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு பாய்லருக்கு வந்தான். கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றான்.

அவனுடைய கணக்கு இதுதான். செத்தவன் செத்துவிட்டான். பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாயைத் திறக்காமலே சரிசெய்துவிடலாம்.

டெஸ்ஸுக்கு நல்ல கை. முதலில் ரிவால்வர் உதைத்து அவள் நெற்றியில் ஒரு காயம் போட்டது. அதற்கும் அவள் விடவில்லை. இரண்டாவது கோடை முடிவதற்குள் அந்த லேசான துப்பாக்கியில் ஆறையும் மளமளவென்று சுட்டு, கிட்டத்தில் நிற்கிற இரும்புப் பன்றிகளை வரிசையாகச் சாய்ப்பாள். எல்டன் பக்கத்தில் நின்று பார்ப்பான். அவன் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. மறுநாள் அவள் முதல் தடவையாக மலைக்குப் போகிறாள். ஆறு சுட்டாள். உருளையைத் திறந்து கூடுகளைத் தட்டினாள். மெர்ல் கை தட்டினான்.

"பலே! இந்தக் கை உங்கப்பனுக்கு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவன், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

டெஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எல்டன் அன்றும் வாயைத் திறந்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

"இல்லை மெர்ல், நீ சொல்றது சரிதான்" என்றாள். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் இவ்வளவு நாளும் இதுமேலதான் சந்தேகப்பட்டேன். இதுல ஏதோ கோளாறு, அதான் அப்பா ஆட்டினாருன்னு. ரெண்டு கோடை சுட்டுட்டேன். ஒரு தடவை கூட நிக்கலை. தோட்டாவும் எல்டன் மாமா தோட்டாதான், அதே கைதான். துப்பாக்கியில ஒண்ணும் இல்லை. அப்பா பயந்துட்டாரு. அவ்வளவுதான். இனிமே எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லப்போறேன். ஒத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் மனசு லேசாகும்."

எல்டன் காதடைப்பைக் கழற்றினான். அவள் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்திருக்கும்.

"என்ன சொன்னே?"

"அப்பா பயந்துட்டாருன்னு சொன்னேன், மாமா."

"இல்லை" என்றான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. குழி முழுக்கக் கேட்டது. "தோட்டா அதே இல்லை."

"என்ன?"

"உனக்குக் குடுத்தது வேற. கவ்வு அழுத்தி வச்சது. உங்கப்பனுக்குக் குடுத்தது தளர்வா இருந்துச்சு. என் துப்பாக்கிக்குச் செஞ்சதை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். குண்டு நகந்து உருளை மாட்டிக்கிச்சு. அவன் ஆட்டலைம்மா. சுத்தப் பாத்திருக்கான். கரடி வந்து சேர்ற வரைக்கும் சுத்தப் பாத்திருக்கான்."



"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டெஸ்.

"பாத்தேன். அவன் கைக்குப் பக்கத்துல கெடந்துச்சு. குண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் உள்ள தள்ளினேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

டெஸ் அடுத்துக் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"டாலி கடையில இவங்க பாட்டிலை ஆட்டிக் காட்டும்போது, நீங்க அங்க இருந்தீங்க இல்ல?"

"இருந்தேன்."

"நான்தான் உங்களுக்குப் பை கொண்டாந்து வச்சேன்."

"ஆமாம்மா."

"ஹக்கிள்பெர்ரி பை. 'இன்னொரு துண்டு வைக்கட்டா மாமா'ன்னு கேட்டேன்."

அவள் மெர்லிடம் திரும்பினாள்.

"கேட்டியா?"

"கேட்டேன், டெஸ். நான் வந்து..."

"போ. இப்பவே டாலி கடைக்குப் போ. அங்க சிரிச்ச ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லு. ஆட்டிக் காட்டத் தெரிஞ்ச உனக்கு இதையும் சொல்லத் தெரியும்."

மெர்ல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். உண்மையிலேயே போய்ச் சொன்னான். அந்த மட்டுக்கு அவனைப் பாராட்ட வேண்டும்.

மில்லில் ஒருவன் கை போனால், கம்பெனி முதலில் ரத்தம் தெரியாமல் தரையைக் கழுவும். எந்திரம் சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளும். இதை எதிர்த்து நான் எத்தனை துண்டறிக்கை அடித்திருப்பேன். அத்தனையையும் வாசலில் நின்று விநியோகித்தவன் எல்டன். அன்றைக்கு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் கேட்காமலே சொன்னான்: "நான் தரையைக் கழுவிட்டேன், தலைவரே."

"ஆமாண்டா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வராது. பொய்யாக ஒன்றைச் சொல்லவும் மனசில்லை.

"நெட்டாகிட்ட நானே சொல்லணும். கூட வர்றீங்களா? அவ சொல்றது எனக்குக் கேக்கலைன்னா நீங்க சொல்லணும். ஒண்ணையும் விடக் கூடாது."

போனோம். டெஸ் முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள். நெட்டா கதவைத் திறந்து நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சொல்லு. உன் வாயால கேக்கணும்."

சொன்னான். எதையும் குறைக்கவில்லை. கத்தியின் முதுகைக் கூட விடவில்லை. அவள் கேட்டு முடித்து நேராக அவன் முகத்துக்கு முன்னால் வந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"தப்பாத் தோட்டா செஞ்சதுக்கு உன்னை மன்னிச்சிருப்பேன் எல்டன். அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, உன் தோள்ல சாஞ்சு அழுதுட்டு மன்னிச்சிருப்பேன். அவரும் மன்னிச்சிருப்பாரு. 'கோபத்துல குடுத்தான், நானும் பாக்காம வாங்கிட்டேன்'னு சிரிச்சிருப்பாரு. ஆனா நான் ரெண்டு வருஷமா அவர்மேல கோபமா இருந்தேன். தெரியுமா உனக்கு? எதுக்குப் பயந்தே, எதுக்குச் சுடாம நின்னு என்னைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு அவரோட சட்டையை வச்சுக்கிட்டுத் திட்டியிருக்கேன். செத்துப்போனவரைத் திட்டியிருக்கேன். அதுக்கு இப்ப நான் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது? நீ சொல்லு."

எல்டன் ஒரு படி கீழே இறங்கினான்.

"இனிமே இந்த வாசலுக்கு வராதே" என்றாள். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

எல்டன் அதிகாரியிடமும் போய்ச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், வீட்டுக்குப் போகச் சொன்னார். சட்டத்துக்கு அவனிடம் வேலை எதுவும் இருக்கவில்லை. ஊருக்கு இருந்தது. மறுவாரமே அவன் வீட்டுப் படியில் ஒரு காபி டப்பா இருந்தது. அடுத்த நாள் இரண்டு. அவன் பல வருஷமாகச் செய்து கொடுத்த தோட்டாக்கள் எல்லாம் திரும்பி வந்தன. யாரும் கதவைத் தட்டவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள். என்னிடம் இருந்த டப்பாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்காக நான் உத்தமன் இல்லை. கொண்டுபோய் வைக்கிற அந்த நடையை என்னால் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவன் அத்தனை தோட்டாவையும் சமையலறை மேஜையில் ஒவ்வொன்றாகப் பிரித்தான். குண்டைப் பிடுங்கி, மருந்தை வாசலில் புல்லின்மேல் கொட்டி, ஈயத்தை ஒரு வாளியில் போட்டான். நான் ஒரு தடவை போனபோது பிரித்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் நல்ல தோட்டாடா" என்றேன்.

"நல்லதுதான்" என்றான். பிரிப்பதை நிறுத்தவில்லை.

நீளக் குழல் ரிவால்வரை யாருக்கும் விற்கவில்லை. மில்லின் வெட்டு எந்திரத்தில் வைத்து மூன்று துண்டாக அறுத்துவிட்டதாக ஃபோர்மேன் சொன்னார். சரளைக் குழிப் பக்கம் அவன் பிறகு வரவே இல்லை. நெட்டாவின் வீடு அவன் வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் இருந்தது. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வாங்கி வருவான். கொஞ்ச வருஷத்தில் மில்லை மூடினார்கள். பாய்லரின் சத்தம் நின்றதும் மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்று நினைக்கிறேன். நான் பேசுவதை அவன் உதட்டில் கூடப் படிக்க முயற்சி பண்ணவில்லை. காபி குடிப்போம், நான் வந்துவிடுவேன்.

ஊரில் ராய்ஸின் பெயர் நிமிர்ந்துவிட்டது. லாரிக்கு முன்னால் அவன் நின்ற கதை எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது. மெர்லே அதை நடித்துக் காட்டுவான். டெஸ் மலையில் பேர் சொல்கிற ஆளாகிவிட்டாள். கனத்த ரிவால்வர்தான் வைத்திருக்கிறாள், கடைத் தோட்டாதான் போடுகிறாள்.

எல்டன் ஒரு ஜனவரியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். எங்கள் ஊர்ப் பக்கம் ஜனவரியில் குழி தோண்ட முடியாது. மண் உறைந்து இரும்பாக இருக்கும். பனி உருகி ஏப்ரலில்தான் அடக்கம் செய்தோம். ஸ்போகேனிலிருந்து அவன் மனைவி மார்லிஸ் வந்திருந்தாள். பழைய யூனியன் ஆட்கள் கொஞ்சம் பேர். மெர்ல் வந்தான். சேற்றில் நின்று பாதிரியார் சீக்கிரம் முடித்துவிட்டார்.

திரும்பும்போது கல்லறை வாசலுக்கு வெளியே ஒரு வண்டி என்ஜின் ஓடியபடி நின்றது. உள்ளே டெஸ். நான் பக்கத்தில் போனதும் கண்ணாடியை இறக்கினாள்.

"முடிஞ்சுதா, தலைவரே?"

"முடிஞ்சுது. உள்ள வந்திருக்கலாமே."

"மாட்டேன். முடிஞ்சுதான்னு பாக்கத்தான் வந்தேன்." ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்கவில்லை. "நெறைய பேர் வந்தாங்களா?"

"இல்லை. கொஞ்சம்தான்."

"அம்மா கேப்பாங்க. வாசல்லயே உக்காந்திருக்காங்க, நான் போய்ச் சொல்றதுக்கு."

"கொஞ்சம் பேர்தான்னு சொல்லு. சந்தோஷப்படுவாங்களா?"

டெஸ் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள்.

"அழுவாங்க" என்றாள். "அதான் தலைவரே எனக்குத் தாங்கலை. அப்பாவுக்கு அழுத மாதிரியே அவருக்காகவும் அழுவாங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.